கசிந்த ஆவணம் கைக்கு வந்தால்
அரசியல் தலைவரைப் பற்றிய ரகசியக் கடிதம் செய்தி அறையில் என் மேசைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது இதுதான்: யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் இளமையில் தேசியக் காவல்படையில் இருந்த காலம் பற்றிய குறிப்புகளை ஒளிபரப்பியது. 1972, 73இல் தட்டச்சு செய்ததாகச் சொல்லப்பட்டவை. பார்வைக்கோ, அந்தக் காலத்தில் இல்லாத வேர்ட் கணினி மென்பொருளில் அடித்தது போலிருந்தன. கையில் இருந்தது நகல் மட்டுமே, மையையும் காகிதத்தையும் சோதிக்க வழியில்லை. எழுதியதாகச் சொல்லப்பட்ட அதிகாரி 1984இலேயே இறந்துவிட்டார். கொடுத்தவரோ, கிடைத்த இடத்தைப் பிறகு மாற்றிச் சொன்னார். 12 நாளில் சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டது. எனக்கு இன்றும் வலிக்கிற சம்பவம் இது.

ஆகவே மூலப்பிரதியைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அதே அலுவலகத்தின் அதே காலத்துக் கடிதங்களைத் தேடியெடுத்து எழுத்துரு, பதவிப்பெயர், தேதி போடும் முறை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். மாதிரிகளை நீங்களே தேடுங்கள். ஹிட்லர் நாட்குறிப்பு என்று 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் நம்பி ஏமாந்த விஷயத்தில், கையெழுத்தை ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் நாட்குறிப்பைப் போலியாக எழுதிய அதே மோசடிக்காரரின் கைவேலை கலந்திருந்தது.

நிபுணர் கையொப்பத்தை மட்டும் பார்த்தாரா, முழு ஆவணத்தையுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் சொன்ன நிபுணரை ஒதுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவருக்கு ஆவணத்தைக் காட்டி, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தவறாகிவிட்டதா? சரி, செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போடுங்கள்.