மேகம் மூடினாலும் வெள்ளத்தைப் பார்க்கலாம்

ஆடி, ஆவணியில் பர்மாவின் பெகு பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் சாட்டிலைட் படத்தைத் திறந்தால் பெரும்பாலும் வெள்ளை மேகம்தான் தெரியும். சென்டினல்-2 என்ற சாட்டிலைட் நம் கண்ணைப் போல. வெயில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் பிடிக்கும். அப்போது ஐரோப்பிய சாட்டிலைட் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் சென்டினல்-1 படத்துக்கு மாறுங்கள். இலவசம்தான். இது ரேடார். சுமார் 5.5 செ.மீ. நீள அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை.

அலை சாய்வாக இறங்குவதால், அசையாத தண்ணீரில் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல் அந்தப் பக்கம் தெறித்துப் போய்விடும். சாட்டிலைட்டுக்குத் திரும்பி வராததால் தண்ணீர் கறுப்பு. அலையைத் திருப்பி அனுப்பும் வீடும் மரமும் வெளுப்பு.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நாற்று நட்ட புதிதில் நாம் கட்டி வைத்த தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியும்; அதை வெள்ளம் என்று நினைத்துப் பதற வேண்டாம். பயிர் வளர வளர அந்த இடம் வெளுக்கும். சரி, வெளுத்த வயல் மறுபடி கறுத்தால்? பயிர் மூழ்கியிருக்கலாம், உடனே போய்ப் பாருங்கள். அதற்காகவே நடவிலிருந்து ஒவ்வொரு படத்தையும் தேதி போட்டு போனில் சேமித்து வையுங்கள். அப்புறம், பலத்த காற்றில் அலையடிக்கும் தண்ணீர் வெளுப்பாகக் காட்டி ஏமாற்றும்; அடுத்த படத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.