மென்பொருள் வெளியீட்டைத் தானியக்கமாக்குதல்: திரும்பும் வழியை முதலில் அமையுங்கள்

உங்கள் குழுவில் வெளியீட்டு வேலையை இப்போது கையால் செய்துவருபவர் எவரோ, அடுத்த முறை அவர் அதைச் செய்யும்போது பக்கத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். அவர் இடும் ஒவ்வொரு கட்டளையையும், திறக்கும் ஒவ்வொரு கோப்பையும், "இதை எப்போதும் இரண்டு தடவை ஓட்டுவேன், முதல் தடவை சில சமயம் தொங்கிவிடும்" என்று போகிற போக்கில் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கருவியைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என எதை எடுத்தாலும், ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கும் படியை அது தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளாது. நான் முதன்முதலில் இப்படி எழுதியபோது, குழுவின் ஆவணத்தில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு படிகள் தேறின.

விடுபட்ட ஒரு படி எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை, 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது காட்டுகிறது. புதிய நிரலை 8 சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது; நிறுவிய பணியாளர் ஒன்றை விட்டுவிட்டார், இன்னொருவர் அதைச் சரிபார்க்கும் நடைமுறையும் இல்லை. விடுபட்ட சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல்பகுதி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. அந்தப் பகுதியை முன்பு இயக்கிய அதே சுவிட்சைத்தான் புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதால், சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் பழைய பகுதி ஓடத் தொடங்கியது. காரணம் பிடிபடாத நிலையில், சரியாக நிறுவப்பட்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய பகுதி ஓட ஆரம்பித்து நிலைமை மேலும் மோசமானது. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனம் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது.

நிறுவியதில் நேர்ந்த பிழையை எல்லோரும் சொல்வார்கள். திரும்பியதில் நேர்ந்த பிழையையும் அதே அளவு கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முதலில் அமைத்து, அது உண்மையில் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே முன்னே செல்லும் வழியைத் தானியக்கமாக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த முடிவைச் சார்ந்தவை.

ஒருமுறை கட்டி, அதையே எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்

சோதனைச் சூழலுக்கு ஒருமுறை, பயனர்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலுக்கு மறுமுறை எனத் தனித்தனியாக பில்ட் செய்வது, அதாவது நிரலை ஓடக்கூடிய பொதியாகக் கட்டுவது, பல குழுக்களின் வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு சார்பு நூலகத்தின் புதிய பதிப்பு வந்துவிட்டால், நீங்கள் சோதித்தது ஒன்று, பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது வேறொன்று என்றாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் பதியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், ஒரே ஒரு முறை பில்ட் செய்யுங்கள். கிடைக்கும் பொதிக்கு அந்தக் கமிட்டின் அடையாளத்தையே பெயராக வையுங்கள். சார்பு நூலகங்களின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பையும் கிட்டில் சேர்த்துவிடுங்கள்.

நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய டாக்கர் இமேஜ்களைப் பயன்படுத்துவோர் "லேட்டஸ்ட்" என்ற டேகை உற்பத்திச் சூழலில் அறவே தவிர்க்க வேண்டும். டேக் என்பது இன்று ஓர் இமேஜையும் நாளை வேறோர் இமேஜையும் சுட்டக்கூடிய பெயர் மட்டுமே. அதற்கு மாறாக, டைஜெஸ்ட் என்பது உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் எஸ்ஹெச்ஏ-256 எண். உள்ளே ஒரு பைட் மாறினாலும் அதுவும் மாறிவிடும். "நேற்று ஓடிய அதே பதிப்பு" என்று உறுதியாகச் சொல்வதற்கு டைஜெஸ்ட்தான் ஆதாரம். கடைசியாக வெளியிட்ட பத்துப் பொதிகளாவது சேமிப்பகத்தில் எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இடத்தை மிச்சப்படுத்த ஓடும் துப்புரவு ஸ்கிரிப்ட், நீங்கள் திரும்ப வேண்டிய பதிப்பையே அழித்துவிட வாய்ப்புண்டு.

பொதி ஒன்றே என்றால், சூழலுக்குச் சூழல் மாறும் தரவுத்தள முகவரி போன்ற அமைப்புகள் அதற்கு வெளியே, நிரல் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் சூழல் மாறிகளாக இருந்தாக வேண்டும். கடவுச்சொற்களை அதற்கென உள்ள ரகசியப் பெட்டகத்தில் வையுங்கள். எப்போதோ ஒரு கடவுச்சொல் கிட்டுக்குள் போயிருந்தால், கோப்பை அழிப்பது போதாது, வரலாற்றில் அது அப்படியே இருக்கும்; கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

பைப்லைன்

கமிட்டிலிருந்து நிறுவுவதுவரை உள்ள படிகளைத் தானாக ஓட்டும் வரிசைதான் பைப்லைன். சோதனைகளில் விரைவாக முடிபவை முன்னும் நேரம் பிடிப்பவை பின்னும் வர வேண்டும் என்பதைத் தவிர வரிசையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் ஒருமுறை தேறி மறுமுறை தவறும் நிலையற்ற சோதனைகளை உடனே பிரித்து ஒதுக்கிச் சரிசெய்யுங்கள். "மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்ற பழக்கம் வந்துவிட்டால், உண்மையான பிழை வரும்போதும் எல்லோரும் மறுபடி ஓட்டத்தான் செய்வார்கள்.

நிறுவும் ஸ்கிரிப்ட் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவைத் தர வேண்டும்; ஒரு கட்டளை தோற்றாலும் அங்கேயே நிற்க வேண்டும்; இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒருவருடையது காத்திருக்க வேண்டும். இவற்றைவிட அதிகமாக மறக்கப்படுவது, நிறுவியது உண்மையிலேயே நிறுவப்பட்டதா என்ற சரிபார்ப்பு. நான் பணிபுரிந்த ஓரிடத்தில் ஒரு முறை பைப்லைன் பச்சை காட்டியது, நலமா என்று கேட்டுப் பார்க்கும் ஹெல்த் செக்கும் 200 (எல்லாம் சரி) என்று பதில் தந்தது, ஆனால் புதிய வசதி மட்டும் எங்கும் தென்படவில்லை. தேடிப் பார்த்ததில், பழைய செயலி நிற்காமல், கோரிக்கைகள் வந்து சேரும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதியது தொடங்க முடியாமல் விழுந்துவிட்டது. எங்கள் கேள்விக்கு "நலம்" என்று பதில் சொன்னது பழைய செயலி. அன்று முதல் ஹெல்த் செக்கின் பதிலில் கமிட் அடையாளமும் வருமாறு செய்து, நிறுவ நினைத்த அடையாளத்தோடு அது ஒவ்வொரு சர்வரிலும் ஒத்துப்போனால்தான் பைப்லைன் தேறும் என்று மாற்றினோம். எட்டாவது சர்வர் விடுபடுவதையும் இதே சரிபார்ப்பு பிடித்துவிடும்.

தரவுத்தளம்தான் கடினமான பகுதி

நிரலைப் பழைய பதிப்புக்கு ஒரு நிமிடத்தில் கொண்டுபோய்விடலாம். தரவு அப்படித் திரும்பாது. ஒரு நெடுவரிசையை நீக்கிய பிறகு பழைய நிரலுக்குத் திரும்பினால், அது தேடும் நெடுவரிசையே இருக்காது. அதனால் தரவுத்தளத்தில் செய்யும் எந்த மாற்றமும் இப்போதைய நிரலுக்கும் அதற்கு முந்தைய நிரலுக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பதைக் குழுவின் மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வர்கள் ஒவ்வொன்றாக மாறும்போது இரண்டு பதிப்புகளும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும் என்பதாலும் இந்த விதி தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, பயனர் அட்டவணையில் "தொலைபேசி" என்ற நெடுவரிசையை "கைபேசி" எனப் பெயர் மாற்ற வேண்டும் என்று கொள்வோம். ஒரே கட்டளையில் பெயரை மாற்றினால், அந்த நொடியிலிருந்து பழைய நிரல் ஓடும் ஒவ்வொரு சர்வரும் பிழை காட்டும். அதற்குப் பதிலாக, முதல் வெளியீட்டில் "கைபேசி" என்ற புதிய நெடுவரிசையை வெறுமையாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த வெளியீட்டில் நிரல் இரண்டிலும் எழுதட்டும், படிப்பது மட்டும் பழையதிலிருந்தே நடக்கட்டும். அது எல்லாச் சர்வர்களிலும் ஓடத் தொடங்கிய பின், பழைய வரிசைகளின் மதிப்புகளை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துப் புதியதில் நகலெடுங்கள். அனைத்தையும் ஒரே மூச்சில் புதுப்பித்தால் அத்தனை வரிசைகளும் வேலை முடியும்வரை பூட்டப்பட்டுக் கிடக்கும். பிறகு படிப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள். இரண்டிலும் எழுதுவது தொடரட்டும், அப்போதுதான் முந்தைய பதிப்புக்குத் திரும்பினாலும் எதுவும் குறையாது. சில நாட்கள் சிக்கலின்றி ஓடியபின் பழையதில் எழுதுவதை நிறுத்தி, அதற்கும் அடுத்த வெளியீட்டில்தான் அந்த நெடுவரிசையை நீக்குங்கள். ஒரு பெயர் மாற்றத்துக்கு இத்தனை வெளியீடுகளா என்று தோன்றும். வெளியீடு ஒவ்வொன்றும் தானாக நடக்கும் இடத்தில் இது சுமையே இல்லை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, மாறாத இயல்பு மதிப்புடன் நெடுவரிசையைச் சேர்க்கும்போது அட்டவணை முழுவதும் மறுபடி எழுதப்படுவதில்லை. ஆயினும் அந்தக் கட்டளைக்கு அட்டவணையின் முழுப் பூட்டு தேவை. யாரோ ஒருவருடைய நீண்ட வினவல் அதே அட்டவணையில் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண வினவல்களும் வரிசையில் நின்றுவிடும். தளமே முடங்கியதுபோல் ஆகிவிடும். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைச் சில நொடிகளுக்குள் கட்டுப்படுத்தி, கிடைக்காவிட்டால் தோற்று, பிறகு மறுபடி முயலுமாறு மாற்றக் கட்டளைகளை எழுதுங்கள்.

பயனர்களிடம் சேர்ப்பது

ஒவ்வொரு சர்வராக மாற்றுவது, இரண்டு முழுச் சூழல்களை வைத்துக்கொண்டு போக்குவரத்தைத் திருப்பிவிடுவது, முதலில் சிறு பங்குப் பயனர்களுக்கு மட்டும் திறந்து பார்ப்பது என மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. பெரும்பாலான குழுக்களுக்கு முதல் முறையே போதும். பல சர்வர்களில் நிரலை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது. மாற்றத்தின்போது, பாட்கள் எனப்படும் நிரலின் ஓடும் நகல்களில் 25 விழுக்காடுவரை சேவையில் இல்லாமல் இருக்க அது இடம் தரும். ஆனால், புதிய பதிப்பு எழும்பாவிட்டால் அது தானே பழையதற்குத் திரும்பிவிடும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது திரும்பாது. இயல்பமைப்பில் 600 நொடிகள் முன்னேற்றம் இல்லாவிட்டால், தோல்வி என்று குறித்துவைப்பதோடு அது நின்றுவிடும். அந்தக் குறியைப் பார்த்துத் திரும்பும் கட்டளையைக் கொடுப்பது உங்கள் பைப்லைனின் வேலை. நிறுவியபின் பத்து நிமிடங்கள் பிழை விகிதத்தையும் பதிலளிக்கும் நேரத்தையும் கவனித்து, வரம்பு மீறினால் அதே கட்டளையை இடும் ஒரு படியையும் சேர்த்துவிடுங்கள்.

நிறுவுவதையும் வசதியைத் திறப்பதையும் பிரித்து வைப்பதும் நல்லது. நிரல் முன்பே போய்ச் சேர்ந்திருக்கட்டும், வசதியைப் பிறகு ஒரு சுவிட்சால் திறக்கலாம். ஆனால் வசதி நிலைத்ததும் சுவிட்சையும் அதன் பழைய கிளையையும் நிரலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்திய சுவிட்சின் பெயரை வேறு எதற்கும் மறுபடி வைக்காதீர்கள். நைட் கேபிட்டலின் சுவிட்ச் நினைவிருக்கட்டும்.

2009-இல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் தங்கள் குழு ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் நிறுவுகிறது என்று ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பாட்ரிக் டெபுவா பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் முதல் டெவ்ஆப்ஸ் நாட்கள் மாநாட்டை நடத்த, நிரல் எழுதுவோரும் அதை இயக்குவோரும் சேர்ந்து செயல்படும் இந்தத் துறைக்குப் பெயரும் கிடைத்தது. அடிக்கடி நிறுவுவது வேகத்துக்காக மட்டுமன்று. ஒரு நாளின் மாற்றத்தில் பிழையைத் தேடுவது எளிது. மூன்று மாத மாற்றங்கள் ஒன்றாகப் போன இடத்தில் எது காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எத்தனை முறை நிறுவுகிறோம், கமிட் ஒன்று பயனரைச் சேர எவ்வளவு நேரமாகிறது, எத்தனை வெளியீடுகள் கோளாறு தருகின்றன, கோளாற்றிலிருந்து மீள எவ்வளவு நேரமாகிறது என்ற நான்கையும் குறித்து வாருங்கள். கடைசிக் கணக்கை மற்ற மூன்றையும்விடக் கூர்ந்து பாருங்கள்.

இவ்வளவும் அமைந்தபின், குழுவினர் அனைவரும் இருக்கும் ஒரு வேலை நாள் காலையில், எந்தக் கோளாறும் இல்லாதபோதே, உற்பத்திச் சூழலை முந்தைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள். வழக்கமாக வெளியீட்டைக் கவனிப்பவர் விசைப்பலகையைத் தொடாமல் இருக்க, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து அதைச் செய்யட்டும். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பைத் திருத்திவிட்டு, அடுத்த மாதம் வேறொருவரை உட்கார வையுங்கள்.