டிடிசாட் ரூல்ஸை மாத்தச் சொல்லி மனு எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில இருக்குற தொலைத்தொடர்பு தகராறு தீர்ப்பாயத்தைத்தான் டிடிசாட்னு சொல்றோம். 2000-ல ஆரம்பிச்சது, 2004-ல இருந்து கேபிள் டிவி தகராறும் அங்கதான் போகுது. அதோட நடைமுறை விதிகள் 2005-ல எழுதினது, மாத்தணும்னு கேபிள்காரங்க பேசுறது ரொம்ப நியாயம், ஆனா மனுவுல சில தப்பு திரும்பத் திரும்ப வருது.

பெரிய தப்பு, "சிவில் கோர்ட் மாதிரி முறையா நடத்துங்க"னு கேக்குறது. டெலிகாம், கேபிள் டிவியை ஒழுங்குபடுத்துற ஆணையம்தான் ட்ராய், இந்தத் தீர்ப்பாயமும் அதோட சட்டத்துலதான் வருது. அந்த ட்ராய் சட்டம் 16-வது பிரிவைப் படிங்க, 1908 சிவில் நடைமுறைச் சட்டம் இந்தத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது, இயற்கை நீதிப்படி நடக்கணும், தன்னோட நடைமுறையைத் தானே வகுத்துக்கலாம்னு இருக்கு. சின்ன ஆளுக்கு சாதகமான இந்தக் கதவை நாமளே சாத்தலாமா?

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், முந்நூறு கனெக்‌ஷன் வச்சிருக்கார், அவருக்கு சிக்னல் குடுக்குற பெரிய கேபிள் கம்பெனி (எம்எஸ்ஓ) பாக்கினு ஒரு தொகையைப் போட்டு சிக்னலை நிறுத்தப் போறோம்னு நோட்டீஸ் அனுப்பிட்டாங்க. அவர்கிட்ட இருந்த ஆதாரமெல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள்ள அடக்கம், ஓரம் மடங்குன ரசீது புக்கு, பேங்க் பாஸ்புக், வாட்ஸ்அப்ல வந்த பில்லோட பிரிண்ட். அதையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்தி, பக்க நம்பர் போட்டு, அபிடவிட் சேர்த்து, டெல்லியில வக்கீல் பிடிச்சுனு கணக்குப் பாத்தா பாக்கியை விட செலவு ஜாஸ்தி, பேசாம கட்டிட்டு வந்துட்டார். நாம கேக்க வேண்டியது இவருக்காக: சின்னத் தொகை வழக்குக்கு எளிமையான ஒரு ஃபாரம், வீடியோவுல விசாரணை, தமிழ் ரசீதை அப்படியே ஏத்துக்குறது.

அடுத்து, "90 நாள்ல முடிக்கணும்னு கொண்டு வாங்க"னு எழுதுறது. அது ஏற்கனவே சட்டத்துல இருக்குங்க, ஆனா முடிக்க முயற்சி பண்ணணும், முடியலைன்னா காரணத்தை எழுதி வைக்கணும்னுதான் இருக்கு. அதனால அந்தக் காரணத்தை வழக்குவாரியா வெப்சைட்ல போடச் சொல்லி கேளுங்க. தலைவரும் அதிகபட்சம் ரெண்டு உறுப்பினரும்தான் அங்க, நாற்காலி காலியா இருந்தா எந்தக் கெடுவும் உதவாது, நியமனத்தைப் பத்தி மத்திய அரசுக்குத் தனியா எழுதணும்.

ட்ராய் போட்ட ஒழுங்குமுறையே செல்லாதுனு அங்க வாதாட வழி கேக்குறதும் வீண். 2013-லயே பிஎஸ்என்எல் வழக்குல உச்ச நீதிமன்றம், அது டிடிசாட் வேலை இல்லைனு சொல்லிடுச்சு, அதுக்கு ஹைகோர்ட்தான். தனி ஒரு சந்தாதாரரோட பில் பிரச்சனைக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கு.

வக்கீல் இல்லாம போக அனுமதி கேக்காதீங்க, 17-வது பிரிவுப்படி நீங்களே ஆஜராகலாம், ஆடிட்டரையும் அனுப்பலாம். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது!

இன்னொன்னு, யாரைக் கேட்டு விதியை எழுதுறாங்கங்கிறதை மறந்துடுறோம். பேசிட்டு இருக்கும்போதே கால் கட்டானா (கால் டிராப்) கம்பெனி வாடிக்கையாளருக்கு ஒரு ரூபா, ஒரு நாளைக்கு மூணு ரூபா வரைக்கும் தரணும்னு ட்ராய் போட்ட விதியை 2016-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, வெளிப்படைத்தன்மை இல்லைங்கிறதும் ஒரு காரணம். ஆனா வெளிப்படையா நடக்கணும்ங்கிற அந்தக் கடமையை 11-வது பிரிவு ட்ராய் மேலதான் வைக்குது, டிடிசாட் மேல இல்ல. அதனால புது நடைமுறையோட வரைவை முதல்ல வெளியிட்டு கருத்து கேளுங்கனு மனுவோட முதல் பக்கத்துலயே போடுங்க, எந்த விதி, இப்ப என்ன வாசகம், எப்படி மாறணும்னு வரி வரியா எழுதி, அந்த அண்ணனோட மஞ்சப்பை மாதிரி நாலு நிஜ கேஸோட காகிதத்தையும் பின்னாடி சேர்த்து அனுப்புங்க.