வீட்டில் ஆளுக்கு ஒரு வரி: அரசு உதவிகளைத் தேதி தவறாமல் வாங்குவது எப்படி

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் வயது வரிசையில் எழுதுங்கள். வயிற்றில் குழந்தை இருந்தால் அதற்கும் ஒரு வரி விடுங்கள். பெயருக்கு நேரே பிறந்த தேதி, ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி, அதற்கு அடுத்து கொஞ்சம் காலி இடம். முதல் இரண்டும் பல வீடுகளில் ஒன்றாக இருக்காது, அதனால்தான் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். காலி இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். குழுக் கணக்கு எழுதத் தெரியும் என்பதால் மனு எழுதவும் என்னிடம்தான் வருவார்கள். உதவி கிடைக்காமல் திரும்பியவர்களில் பலருக்குத் தகுதி இல்லாமல் இல்லை. தேதி தாண்டிப் போயிருக்கும், அல்லது ஒரு காகிதம் குறைந்திருக்கும். சமூக நலத்துறை, சுகாதாரத்துறை, வருவாய்த்துறை, தொழிலாளர் துறை என்று உதவிகள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. உங்கள் வீட்டை முழுசாகப் பார்க்கிற அலுவலகம் என்று ஒன்று கிடையாது. அந்த வேலையை வீட்டுக்குள்ளேயே ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டும். பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால்கூட அழகாகச் செய்யும்.

கர்ப்பம் உறுதியானதும்

முதலில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து, கர்ப்பத்தைப் பதிந்ததற்குத் தரும் பிக்மி எண்ணை வாங்கிவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருவார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற பெண்கள் கர்ப்பிணி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஊர் செவிலியரிடமும் சொல்லிவையுங்கள், பதிவு தொடரும். வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பணம் நின்றுபோன பல வீடுகளில் இந்த இணைப்புதான் விட்டுப்போயிருந்தது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கேயே பதிவாகிவிடும், ஆனால் பெயர் இருக்காது. ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் அதற்கும் கட்டணம் இல்லை. தாய் தகப்பன் பெயர் ஆதாரில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் சான்றிதழிலும் வரச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு எழுத்து தப்பினால், பதினேழு வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் பிள்ளை நிற்கும்.

அங்கன்வாடியை வெறும் சோறு போடுகிற இடமாக நினைக்காதீர்கள். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி அது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சத்துமாவு உண்டு, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அந்த வளர்ச்சி அட்டையை வாங்கிப் பாருங்கள். கோடு மேலே போகாமல் படுத்திருந்தால் பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்கத்தான் எடையே பார்க்கிறார்கள். தடுப்பூசி எங்கள் பக்கம் புதன்கிழமை.

பிள்ளை தாமதமாகப் பேசுகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை, நடக்கவில்லை என்றால், ‘எங்க வீட்டுக்காரரும் லேட்டாத்தான் பேசினார்’ என்று மாமியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் எழுதிக்கொடுத்தால் மாவட்டத்தில் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரம்பகட்ட இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். இதில் ஒரு வருடம் போனால் அந்த வருடம் திரும்பி வராது. எங்கள் தெருவில் காது கேட்காத ஒரு பிள்ளையை மூன்று வயதுக்குள் காட்டினோம், இப்போது கருவி மாட்டிக்கொண்டு அங்கன்வாடியில் பாடுகிறாள். குறைபாடு நாற்பது சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவர் சான்று தந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தனித்துவ அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். உதவித்தொகை, பஸ் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான்.

பள்ளிப் பிள்ளைகள்

ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு, மதியம் சத்துணவு, சீருடை, புத்தகம் எல்லாம் பள்ளியிலேயே நடக்கும், நீங்கள் அலைய வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது சான்றிதழ்கள்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். மே, ஜூனில் போனால் ஊரே அங்கே நிற்கும், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் மனுக்களில் மூழ்கியிருப்பார்கள். பொங்கல் முடிந்ததும் போடுங்கள். வருமானச் சான்று ஒரு வருடம் செல்லும், அதனால் ஜனவரியில் வாங்கினால் கல்லூரிச் சேர்க்கைக்கும் அதுவே ஆகும்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம், சேர்ந்த கல்லூரியிலேயே விண்ணப்பம் வாங்குவார்கள். மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குத்தான். ‘எட்டாவது மட்டும் பிரைவேட்டில் படிக்கட்டுமே’ என்று இடையில் மாற்றுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்த பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதே அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டி வெளியூர் போகுமுன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். கிளை நூலகத்தில் அந்தப் புத்தகங்களும் கிடைக்கும்.

உழைக்கிற வயது

கொத்தனார், சித்தாள், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், தையல், ஓட்டுநர், வீட்டு வேலை என எந்தத் தொழிலாக இருந்தாலும் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, விபத்துக்கு, இயற்கை மரணத்துக்கு உதவி உண்டு. அறுபதில் ஓய்வூதியமும் உண்டு, ஆனால் அறுபது தாண்டிய பிறகு பதியவே முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சாரம் சரிந்து விழுந்தபின் அட்டையைத் தேடினால், புதுப்பிக்கும் தேதி போயிருக்கிறது. அந்த வீட்டில் உட்கார்ந்து எதைச் சொல்வது? நோட்டில் இந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வயல் வேலை செய்பவர்களுக்கு உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறது, அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடுவதை விட, உடம்பு நன்றாக இருக்கும்போதே கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 181-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, சில நாள் தங்க இடம், எல்லாம் ஒரே கூரையில். வழக்குக்குப் பணம் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று கேளுங்கள், அல்லது 15100.

அறுபதுக்கு மேல்

அதிகம் தடுமாறுவது இந்த வயதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆதரவில்லாத முதியோருக்கு மாத உதவித்தொகை 1,200 ரூபாய். இ-சேவை வழியாக மனுப் போட்டால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் உத்தரவு போடுவார். முதல் தடை ஆதாரில் வயது. அட்டை எடுத்த காலத்தில் பாட்டி ‘இருக்கும் ஒரு அம்பது’ என்று சொல்லியிருப்பார், ஜனவரி ஒன்று என்று ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள். இப்போது எழுபது வயதுப் பாட்டிக்கு ஆதாரில் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து வயதிலேயே இதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டாவது தடை, குடும்ப அட்டையில் சம்பாதிக்கிற மகன் பெயர். அவன் திருப்பூரில் தனிக் குடும்பமாக இருந்தால் அவனுக்குத் தனி அட்டை எடுக்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு வருபவரிடம் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். எங்களுக்கு அது மன்னார்குடியில்.

பிள்ளைகள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடவில்லை என்றாலும் அதே கோட்டாட்சியரிடம்தான் மனு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மாதாமாதம் பணம் தரச் சொல்லி உத்தரவு போட முடியும். வக்கீல் தேவையில்லை, ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும். ‘பிள்ளை மேலேயே மனுவா’ என்று பெரியவர்கள் கூசுகிறார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததுமே உட்கார்ந்து பேசி முடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெரும்பாலும் எங்களைப் போல ஒரு குழுப் பெண்தான், அவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதிலேயே உண்டு, ஆனால் நாம் சொன்னால்தான் அவர்கள் பட்டியலில் ஏறும். ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவர்கள், வேறு ஒருவர் வாங்கித்தர அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். தனியாக இருக்கும் பெரியவரை யாராவது கொடுமைப்படுத்தினால் 14567.

மனுப் போட்ட பிறகு

எந்த மனுவாக இருந்தாலும் ரசீது எண் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். அந்த எண்ணும் தேதியும் நோட்டில் ஏற வேண்டும். செல்போன் எண்ணை மாற்றாதீர்கள், பதில் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வரும். இ-சேவையில் புரோக்கருடைய நம்பரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மாதம் ஆகியும் சத்தம் இல்லை என்றால் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பழைய ரசீது நகலை இணைத்துக் கொடுங்கள், அது இருந்தால்தான் மனு முதலிலிருந்து தொடங்காது. கடைசியாக, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் மனு இன்ன தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். திட்டிப் பேச வேண்டாம், யாருக்கும் பணம் கொடுக்கவும் வேண்டாம். கேள்வியைத் தெளிவாக எழுதினால் போதும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லாத குறைகளுக்கு, அதாவது அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது, செவிலியர் பணியிடம் காலி, நூலகம் திறப்பதில்லை போன்றவற்றுக்கு, தனி மனுவை விடக் கிராம சபைதான் சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போங்கள். பேசிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான எண்ணையும் அதே நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த சபைக்கு எடுத்துப் போங்கள்.