வால்வு மாற்றிய பிறகு: காலுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கு

நெஞ்சைத் திறந்து இதய வால்வு மாற்றியவர் வீட்டுக்கு வந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். சொந்தக்காரர்கள் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். இல்லையென்றால் அவரே பத்தாம் நாள் கிணற்றடிக்குப் போய்விடுவார். இரண்டும் தப்பு. நடை இதயத்தின் கணக்கு. மருத்துவர் தடை சொல்லாதவரை வீட்டுக்கு வந்த மறுநாளே தொடங்கலாம். தூக்குவதும் இழுப்பதும் நெஞ்செலும்பின் கணக்கு. கம்பியால் கட்டிய அந்த எலும்பு உறுதியாகக் கூட 8 முதல் 12 வாரம் ஆகும்.

முதலில் சமதரையில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் 1 நிமிடம் கூட்டினால், ஆறாம் வார முடிவில் 25 நிமிடம் தாண்டிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். வெயிலும் புழுக்கமும் ஏறுமுன் முடித்துவிடுங்கள்; நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வியர்த்தால் தலைசுற்றும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றமும் இறக்கமும்தான். இறக்கத்தில் சுளுவாகப் போய்விட்டு, திரும்பி ஏறும்போது பாதியில் மூச்சு முட்டி நிற்பவர்கள் நிறைய. ஏற்றம் முதலிலும் இறக்கம் திரும்பும்போதும் வரும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி வழி இல்லையா, முற்றமே போதும். சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைக்குப் போனாலும் முதல் இரண்டு மாதம் மணலில் இறங்க வேண்டாம். இளமணலில் நடக்க, கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்கு சக்தி செலவாகும்.

வேகத்துக்கு நாடித்துடிப்பை நம்பாதீர்கள். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இருந்தால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் தப்பலாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். நின்றபின் 10 நிமிடத்தில் இளைப்பு தணியாவிட்டாலும், மறுநாள் காலையிலும் அசதி இருந்தாலும் நேற்றைய அளவு அதிகம்.

கைகளுக்கு 12 வாரம் வரை 2 கிலோதான் வரம்பு, அதுவும் உடம்போடு ஒட்டி இரு கையாலும். 15 லிட்டர் குடம் 15 கிலோ என்பதை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினைச் சுற்றுவது கூடாது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதும் கூடாது. டிரைவர் பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் நெஞ்செலும்பில் விழும். படுக்கையிலிருந்து பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கவிட்டு எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தோளை அசைக்காமலே வைத்தால் இறுகிப்போகும். வலிக்காத மட்டும் இரு கையையும் சேர்த்துத் தினமும் உயர்த்த வேண்டும். எலும்பு 'கடக்' என்று அசைந்தால் அறுவை செய்த மருத்துவரிடம் போய்விடுங்கள்.

12 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் அனுமதித்தால் 1 கிலோ எடையைப் பத்து தடவை தூக்கிப் பழகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் சட்டென ஏறும்.

ஒழுங்காக நடந்தும் தெம்பு கூடவில்லையென்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். அறுவையில் இரத்தம் போனதே காரணமாக இருக்கலாம். அடுத்து எக்கோ எனும் இதய ஸ்கேன். வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ளது) கெட்டு, நுரையீரல் அழுத்தம் பல ஆண்டு ஏறியிருந்தவர்களுக்கு முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுருங்கியதால் தடித்த இதயத் தசை மெலியவும் மாதக்கணக்கு ஆகும். செயற்கை வால்வின் வாயும் இயற்கை வால்வைவிடச் சற்றுக் குறுகலே. இருபது வயது ஓட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே நாளில் எடை 1 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மயக்கம், நெஞ்சை அமுக்கும் வலி, வாய் கோணல் வந்தால், செயற்கைப் பொருளால் செய்த மெக்கானிக்கல் வால்வின் வழக்கமான 'டிக்' சத்தம் மங்கினால், உடனே 108.

திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு உட்பட எந்த மெக்கானிக்கல் வால்வுக்கும் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும். அந்த மாத்திரையால் காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கவனமாகப் பிடித்தால் ரப்பர் வேலைக்குத் திரும்பலாம். பனை ஏறுவதையும் கபடியையும் விட்டுவிட வேண்டும். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.