ஒரு டொக்டர் கவிஞரின் வாழ்க்கையை எழுதப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கத்தில் பகலில் நோயாளி பார்த்து, இரவில் கவிதை எழுதி, சஞ்சிகையும் நடத்திய ஒருவரைப் பற்றி எழுதப் போகிறீர்களா, தம்பிமாரே, தங்கச்சிமாரே? கவிதையில் தொடங்காதீர்கள். சஞ்சிகையைத் தேடுங்கள். ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய ஈழத்து இதழ்கள் ஏராளம். பிறகு பொது நூலகங்களுக்குப் போங்கள்.

ஒவ்வொரு இதழிலும் ஆசிரியர் முகவரி, அச்சகம், மாதம், விலை நான்கையும் கொப்பியில் பதியுங்கள். முகவரி மாறினால் அநேகமாக அது ஆஸ்பத்திரி இடமாற்றம். இதழ் வராத மாதங்களை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். 1978 நவம்பர் சூறாவளி, 1990 யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி: எங்கள் கரையில் இந்தக் காலங்களில் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் என்ன நடந்தது என்று கேட்காமல் ஒருவருடைய வாழ்க்கையை எழுத முடியாது.

வீட்டாரிடம் “கவிதை இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். மருந்துக் கம்பெனி கொடுத்த டயரி, பழைய கடித உறை இருக்கிறதா என்று கேளுங்கள். வரிகள் அங்கேதான் கிடக்கும். மாரிக்கு முன்னமே, பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். ஈரம் பட்டால் மை ஊறிவிடும். நோயாளிகளின் பெயர் கண்ணில் பட்டால் அதை எங்கேயும் எழுதாதீர்கள். அவர் காத்த இரகசியம் அது.

டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்தவரையும், அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவரையும் முதலில் சந்தியுங்கள். பேராசிரியர்களைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த இருவரும்தான்.