பழைய தங்க ஓடையில் மிச்சத்தை அரித்தெடுப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காசில்மெய்ன், பெண்டிகோ பக்கத்து ஓடைகளை 1851 முதலே தங்க வேட்டைக்காரர்கள் தோண்டி அலசிவிட்டார்கள். அவர்கள் கொட்டிய கழிவு மண்ணையும் சீனத் தொழிலாளர்கள் மறுபடி அலசினார்கள். எனவே மேலாக்கக் கிடக்கும் மணலை அள்ளுவது வீண் வேலை. பாறை இடுக்குகளைத் தேடுங்கள்.

முதலில் அனுமதி. தங்கம் தேட அங்கே வாங்கவேண்டிய ‘மைனர்ஸ் ரைட்’ அனுமதிச் சீட்டு 10 ஆண்டுகள் செல்லும். கைக்கருவிகள் மட்டுமே, மோட்டார் பம்பு கூடாது. பல பூங்காக்களிலும் சில ஓடைகளிலும் தடை உண்டு, வரைபடம் பார்த்துவிட்டுப் போங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டே கிளம்ப வேண்டும்.

இப்பகுதியின் ஸ்லேட் (பலகைபோலப் பிளவுபடும் பாறை) அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக, வடக்கு தெற்காக நிற்பவை. ஓடை அவற்றைக் குறுக்கே கடக்கும் இடத்தில் ஒவ்வொரு விளிம்பும் தங்கத்தை மறித்து வைக்கும். வளைவின் உட்புறமும் பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கமும் அடுத்தபடி. வளைத்த கம்பியால் பிளவை அடிவரை சுரண்டுங்கள். மேலே இருப்பது வெறும் மண், கனமானது கடைசி விரற்கடையில்தான் அடைந்திருக்கும். புல்வேரில் ஒட்டிய மண்ணையும் உதறிச் சேருங்கள்.

12 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, 35 செ.மீ. அகல அரிப்புத் தட்டில் முக்கால் பாகம் நிரப்புங்கள். களிமண் கட்டிகளை நீருக்குள் வைத்துக் கையால் கரைத்தே தீரவேண்டும். பலருக்கும் தங்கம் போவது இங்கேதான்: கரையாத களி உருண்டு வெளியேறும்போது பிடித்த துகளையும் கொண்டுபோய்விடும். பிறகு நீருக்கடியில் தட்டைப் பக்கவாட்டில் வேகமாகக் குலுக்குங்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கல் நீரைவிட 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3 மடங்கு, குலுக்கினால் தங்கம் தானே கீழிறங்கும். அரிசியில் கல் அரிப்பதுபோல, தட்டை லேசாகச் சாய்த்து மேல்மண்ணை மட்டும் நீரோடு தள்ளுங்கள். நான்கைந்து முறை தள்ளியதும் மறுபடி குலுக்கல். அவசரப்பட்டு அதிகம் சாய்த்தால் எல்லாம் போச்சு.

தங்கத்தோடு அடியில் தங்கும் கனமான இரும்புக் கருமணல் தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பொடித்தங்கம் நீர்மேல் மிதந்தால் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு போதும். கருமணலைப் பிரிக்கக் காந்தத்தை ஈர மணலில் வைக்காதீர்கள், தங்கப் பொடியும் சேர்ந்து வந்துவிடும். காயவைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தைப் போட்டு இழுங்கள்.

கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தட்டையாக்கிய 10 ஈயத் துணுக்குகளை மண்ணில் கலந்து அரித்து, எத்தனை தட்டில் மிஞ்சின என்று எண்ணிப்பாருங்கள்.

வெள்ளி நிறம் பூசியதுபோலத் துகள் கிடைத்தால் அது அந்தக்காலத்தில் தங்கத்தைப் பிடிக்கப் பயன்படுத்திய பாதரசம் ஒட்டியது. அதை வீட்டில் சூடாக்கவே கூடாது, ஆவி நஞ்சு.